நேரலிலிருந்து மாதேரானுக்குக் குட்டி ரயிலில்

மும்பைத் தமிழர்களிடம் விடுமுறைப் பேச்சை எடுத்தால் லோனாவாலாவும் அலிபாக்கும்தான் முதலில் வரும். மும்பைக்கு அருகிலுள்ள மலை ஊரான மாதேரானுக்குப் போகிறவர்களிலும் பலர், கார்கள் போகக்கூடிய கடைசி இடமான தஸ்தூரி நாக்கா வரை காரிலேயே சென்றுவிடுகிறார்கள். குன்னூரில் வளர்ந்த என் மாமியார் மட்டும், "மலைக்குப் போறதுன்னா ரயில்லதான் போகணும் மாப்பிள்ளை" என்று உறுதியாகச் சொல்லிவிட்டதால், நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் இட்லிப் பொட்டலங்களோடு மாட்டுங்காவிலிருந்து கிளம்பி, தாதரில் கர்ஜத் லோக்கலைப் பிடித்து, மலையடிவாரத்திலுள்ள நேரலில் இறங்கினோம்.

குட்டி ரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 2 அடிதான். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்கின்றன. மாமியார் பெட்டியில் ஏறுவதற்கு முன்பே குனிந்து பார்த்து, "நடுவுல பல் தண்டவாளம் இல்லையே, எப்படி ஏறும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. மேட்டுப்பாளையம் ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறுவதால் அதற்குப் பற்சக்கரத்தின் துணை வேண்டியிருக்கிறது. இங்கே ஏற்றம் 20 அடிக்கு 1 அடிக்குள் அடங்கிவிடுவதால் சக்கரத்தின் பிடிமானமே போதும். சுமார் 750 மீட்டர் உயரத்தை அந்தச் சரிவில் எட்டக் குறைந்தது 15 கிலோமீட்டர் பாதை வேண்டும். மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வருவதால் இது ஏறத்தாழ 21 கிலோமீட்டராக நீண்டிருக்கிறது. மொத்த வழிக்கும் சுரங்கம் ஒன்றே ஒன்று. மலையைக் குடையாமல் அதன் போக்கிலேயே போவதற்குத் தரும் விலைதான் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலான இந்தப் பயணம். அந்த விலை மிகவும் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

பம்பாய்த் தொழிலதிபர் சர் ஆதம்ஜி பீர்பாய் 16 லட்சம் ரூபாய் கொடுக்க, அவருடைய மகன் அப்துல் ஹுசைன் 1904இல் தொடங்கி 1907இல் முடித்த பாதை இது. ஆலோசகராக இருந்த பொறியாளர் எவரார்ட் கால்த்ராப் திட்டமிட்ட நீராவி எஞ்சின்களில், முன் அச்சும் பின் அச்சும் வளைவுக்குத் தகுந்தபடி திரும்பிக் கொடுத்தன. அந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை நெருக்கமான வளைவுகளில் எஞ்சின் தடம் பிடித்து நின்றிருக்காது. இப்போது இழுப்பது டீசல் எஞ்சின்.

ஜும்மாபட்டி நிலையம் தாண்டியதும் ஒரு வளைவில், கடைசிப் பெட்டியிலிருந்த எங்களுக்கு எங்கள் எஞ்சினே பக்கவாட்டில் எதிர்த்திசையில் போவது தெரிந்தது. காய்ந்த புல் ஜன்னல் கம்பியில் உரச, மாமியாரின் வெள்ளைச் சேலை ஓரத்தில் செம்மண் தூசி மெல்லப் படிந்துகொண்டே வந்தது. வாட்டர் பைப் நிலையத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த மறுகணமே குரங்குகள் ஜன்னலருகே வந்துவிட்டன. அங்கே சாப்பாட்டை வெளியே எடுக்காமலிருப்பதே நல்லது.

2005 ஜூலைப் பெருமழையில் சிதைந்த பாதை 2007இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் மறுபடியும் மழை அரித்துச் சென்றதால், நேரலிலிருந்து முழுப் பயணம் திரும்ப 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் சரிசெய்து ஓட்டுகிறவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

மழைக்காலத்தில், மாதேரானுக்கு முந்தைய நிலையமான அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையே மட்டுமே ரயில் ஓடும். கார்கள் நுழைய முடியாத ஊருக்குள் போக அந்தச் சிறு தூரச் சவாரி உதவும், ஆனால் மலையேற்றமெல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே மழை ஓய்ந்து முழுப் பாதையும் திறந்த பிறகு, நேரலிலிருந்தே ஏறுங்கள்.