சத்தம் போடாத டேப்பட்

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு லாரி பட்டறையில்தான் கை பழகினேன். அங்கே டேப்பட் வைப்பது, அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கர் கைக்கும் நடுவே சந்து வைப்பது, காலையில் முதல் வேலை. ராத்திரி முழுக்க நின்று ஆறின இன்ஜினில்தான் சந்தை அளக்கிற மெல்லிய தகடான கேஜை விடவேண்டும். மேஸ்திரிக்கு டீகூட அதற்கப்புறம்தான்.

அன்றைக்கு வந்தது 6பிடி கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாடா லாரி. ஏற்காட்டுக்கு சிமெண்டும் கம்பியும் ஏற்றுகிற வண்டி. "தையல் மெஷினாட்டம் அடிக்குது தம்பி, சத்தமே இல்லாம பண்ணிக் குடு" என்றார் டிரைவர். மேஸ்திரி சாமான் வாங்க ஐந்து ரோடு போயிருந்தார்.

கணக்கு எனக்குத் தெரியும். ஃபைரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் டீசல் பற்றுகிற வரிசை, 1-5-3-6-2-4. ஆறாவது சிலிண்டரின் வால்வுகள் ராக் ஆகும்போது, அதாவது ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கும்போது, ஒன்றாவதை வைக்கவேண்டும். இரண்டாவது ராக் ஆனால் ஐந்தாவது, நான்காவது ராக் ஆனால் மூன்றாவது. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஏழு. காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு 0.25 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்டுக்கு 0.51. அந்த 0.51தான் கண்ணை உறுத்தியது. அவ்வளவு சந்து விட்டால் தட்டத்தானே செய்யும்? எல்லாவற்றுக்கும் 0.25 கேஜையே விட்டு லாக் நட்டை இறுக்கினேன். வண்டி கப்சிப்பென்று ஓடியது. டிரைவர் ஐம்பது ரூபாயைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். மலையில் 20 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் இழுவை செத்துவிடுகிறதாம். நான் டீசலைத் தூவுகிற இன்ஜெக்டர் மேல் பழி போட்டேன். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு டீசல் லைனாகத் தளர்த்திப் பார்த்தார் மேஸ்திரி. மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அதன் இன்ஜெக்டர் முனையான நாசிலைக் கழற்றி டெஸ்டரில் போட்டால் கர்ர்ரென்று பனியாகத் தூவுகிறது, முனையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, நாசிலில் குறையில்லை. பழைய செப்பு வாஷர் குழியிலேயே ஒட்டியிருந்து அதன்மேல் புதுசு ஏறினால் நாசில் உயர்ந்து புகை கக்கும். டார்ச் அடித்து அதையும் பார்த்தார். ஒரே வாஷர்தான். எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்தது.

வால்வுகள் இருக்கிற ஹெட்டை இறக்கினோம். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. சூட்டில் வால்வுத் தண்டு நீளும். நீள இடமில்லையென்றால் சீட்டில் முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். இல்லாவிட்டால் சந்து வழியே நெருப்பு பாய்ந்து அரித்துவிடும்.

"தட்டுற டேப்பட் சொல்லிக்கிட்டே இருக்கும்டா. தட்டாதது சொல்லாமலே வால்வைத் தின்னுரும்" என்றார் மேஸ்திரி. வேறு திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒரு வாரம் கேஜை உருவிப் பழகவிட்டார். புது நோட்டுக் கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவுகிற பிடிப்பு விரலில் தெரியவேண்டும். நட்டை இறுக்கியபின் மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடும்.

வால்வுக்கும் லேத் கூலிக்கும் டிரைவரிடம் காசு வாங்கவில்லை. வண்டியைக் கிளப்பியதும் டக்டக்கென்று கேட்டது. டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.