நிலாவுல குழி பாக்க மலை ஏறினோம், டிரைவர் எங்க பர்ஸ்ல குழி தோண்டிட்டாரு

நேத்து ராத்திரி போயிட்டு வந்த எரிச்சல் இன்னும் அடங்கல. போன மாசமே ஒரு தடவை ஏமாந்தவன்தான் நான், பௌர்ணமி அன்னைக்கு டெலஸ்கோப்பை தூக்கிட்டு போய் பாத்தா நிலா வெள்ளைத் தட்டு மாதிரி பளபளன்னு கண்ணைக் கூசுது, குழியும் இல்ல மலையும் இல்ல. அன்னைக்கு சூரியன் நேரா அடிக்குது, நிழலே விழாது, நிழல் இல்லன்னா ஆழம் எப்படித் தெரியும்? டைக்கோங்கற குழியிலிருந்து நாலாபக்கமும் கிளம்புற வெள்ளைக் கோடுகள் மட்டும்தான் அன்னைக்கு ஜோர்.

அதனால இந்த தடவை அரை நிலாவுக்கு மறுநாள் போனோம். ஷேர் பண்ணா செலவு குறையும்னு மூணு பேர், ஒரே கார். டிரைவர் அண்ணன் ஏறும்போது ஒரு ரேட், இறங்கினதும் "மலை ரோடு தம்பி, வேற ரேட்டு"ன்னு இன்னொண்ணு. வேற வண்டிக்கு எங்க போறது, ஒத்துக்கிட்டோம்.

மேல காத்து. ட்ரைபாட் காலு ஆட ஆட நிலாவும் ஆடுது. எங்களுது 114 எம்எம் நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதிலா கண்ணாடி வச்ச டெலஸ்கோப், அதுல 10 எம்எம் ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்கற லென்ஸ்) போட்டா 90 மடங்கு பெருசாத் தெரியும், அதுல பூமி சுத்துற வேகத்துக்கு ரெண்டு நிமிஷத்துல நிலா ஓடிடும், படமும் தலைகீழா இருக்கும், நாம இந்தப்பக்கம் தள்ளினா அது அந்தப்பக்கம் போகும். ஒரு அரைமணி நேரம் இந்தக் கூத்துதான். கடைசியில பையை ட்ரைபாட் நடுவுல தொங்க விட்டதும் ஆட்டம் நின்னுச்சு.

அப்புறம் பாத்தது இருக்கே! வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டை ஒட்டியே போனோம், நிழல் எல்லாம் அங்கதான் நீளமா விழும். தாலமி, அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கெல்னு மூணு குழி வரிசையா. தாலமி 150 கிலோமீட்டருக்கு மேல அகலம், தரை மெழுகிவிட்ட மாதிரி தட்டை. அல்ஃபோன்சஸ் நடுவுல ஒரு சின்னக் கூம்பு, 1965ல நாசாவோட ரேஞ்சர் 9 விண்கலம் போட்டோ எடுத்துக்கிட்டே போய் மோதின குழி இதுதான். ஆர்சாக்கெல்ல பாதி இன்னும் கருப்பு மை ஊத்தின மாதிரி. கொஞ்சம் தள்ளி நேர்ச்சுவர், ஸ்கேல் வச்சு பேனாவால இழுத்த மாதிரி 110 கிலோமீட்டருக்கு ஒரு கோடு. பேருதான் சுவர், உண்மையில சில நூறு மீட்டர் உயரத்துல ஒரு சாதாரண சரிவு, காலை வெயில் சாய்வா விழறதால நிழல் இவ்ளோ பில்டப் குடுக்குது.

தெற்கு ஓரத்துல க்ளேவியஸ். 200 கிலோமீட்டரைத் தாண்டுற ராட்சசக் குழி, நாங்க பாக்கும்போது உள்ள முழுக்க இருட்டு, விளிம்புல மட்டும் வெளிச்சம். திடீர்னு அந்த இருட்டுக்குள்ள ஊசிமுனை மாதிரி ஒரு புள்ளி. பத்து நிமிஷத்துல பக்கத்துல இன்னொண்ணு. அப்படியே வளைஞ்சு ஒரு அரை மோதிரம் ஆச்சு, உள்ள இருக்கற ஒரு குட்டிக் குழியோட விளிம்புல வெயில் பட்டிருக்கு! நிலாவோட நடுக்கோட்டுப் பக்கம் இந்த விடியல் கோடு மணிக்கு 15 கிலோமீட்டர் போல நகருது, சைக்கிள் வேகம்தான், துருவத்துப் பக்கம் போகப் போக இன்னும் மெதுவு. வேற ஒரு உலகத்துல பொழுது விடியறதை நின்னு பாத்துட்டு இருந்தோம், யாரும் பேசல.

டிரைவர் அண்ணன் சத்தமில்லாம பின்னாடி வந்து நின்னாரு. "தம்பி, அங்க நட்ட கொடி தெரியுமா?" தெரியாதுண்ணே, இந்த டெலஸ்கோப்புக்கு ரெண்டு கிலோமீட்டர் அகலமாவது இருந்தாத்தான் சிக்கும்னு சொல்லி, 1969ல அப்பல்லோ 11 இறங்கின அமைதிக் கடல்ங்கற கருப்புச் சமவெளியோட தென்மேற்கு மூலையைக் காட்டினேன். ஐபீஸ்ல கண்ணை வச்சவர் எடுக்கவே இல்ல. "இது என்ன, இது என்ன"ன்னு நிலாவுல இருக்கற அபெனைன் மலை வரைக்கும் போயிட்டாரு, நாங்க மூணு பேரும் குளிர்ல கையைத் தேச்சுக்கிட்டு நிக்கிறோம்.

நடுராத்திரி நெருங்க நிலா கீழ சாய்ஞ்சுது, தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி படம் நெளிய ஆரம்பிச்சுது, கிளம்பிட்டோம்.

இதுல கடுப்பு என்னன்னா, நிலாவுக்கு இருட்டான இடமே வேண்டாம். இருட்டு வேண்டியது கேலக்ஸிக்கும் நெபுலாவுக்கும். நிலா தெருவிளக்குக்கெல்லாம் அசராது, காத்து நெளியாம இருந்தா போதும், வீட்டு மொட்டை மாடியிலயே இதே க்ளேவியஸை பைசா செலவில்லாம பாத்திருக்கலாம். தளம் பகல் சூட்டை விடற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கணும், அவ்ளோதான். கூட வந்தவனுக்கு இது முன்னாடியே தெரியுமாம், "ட்ரிப் ஜாலியா இருக்குமேன்னுதான் சொல்லாம விட்டேன்"ங்கறான்.

இறங்கினதும் கணக்கு. மலை ரேட்டு, ராத்திரி ரேட்டு, அதுக்கு மேல வெயிட்டிங் சார்ஜ். "அண்ணே, அதுல அரைமணி நேரம் நீங்கதானே பாத்துட்டு இருந்தீங்க?"

"வண்டி நின்னுச்சுல்ல தம்பி?"