கொம்புக்கு வெளிச்சம் போடுதல்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஊர்க் கோயில் திருவிழா அழைப்பிதழுக்கு ஒரு கொம்பு வரைய வேண்டும். பித்தளைக் கொம்பு. ஊதுகிற முனை ஒல்லியாகக் கிளம்பி, பிறைபோல் வளைந்து, வாய்ப்பக்கம் அகன்று முடியும். உருவத்தைப் போட்டாயிற்று, இனி மினுமினுப்புதான் பாக்கி. அழைப்பிதழில் இரண்டு விரல் உயரத்துக்கு வரும் அதே படம் பத்தடி பிளெக்ஸிலும் போகும் என்பதால் முழுக்க வெக்டராகவே (பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கப்படும், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாத படமாகவே) இருந்தாக வேண்டும்.

நான் வரைகிற மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக்குக்கு, அதாவது கோட்டுக்கு, கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் பூச்சு) போட முடியும், ஆனால் அது கோட்டைப் பின்தொடராது. இடமிருந்து வலம் என்று வைத்தால் இடமிருந்து வலம்தான், கோடு எங்கே வளைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இன்க்ஸ்கேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, அது படங்களைச் சேமிக்கிற எஸ்விஜி என்ற கோப்பு வடிவத்திலேயே அவ்வளவுதான் இருக்கிறது. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் 2012இல் சிஎஸ்6 பதிப்போடு இந்த வசதி வந்துவிட்டது. கோட்டின் நீளவாக்கில், கோட்டுக்குக் குறுக்கே, அல்லது வளைவைக் கண்டுகொள்ளாமல் மொத்தமாக என்று மூன்று விதமாகப் போடலாம்.

ஜூன் 4, புதன்

நீளவாக்கு வேறு, குறுக்குவாக்கு வேறு. "வளைந்த கோட்டில் ஷேடிங்" என்று தேடினால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பதில் வருகிறது. வால்நட்சத்திரத்தின் வால் மங்கிக்கொண்டே போவது நீளவாக்கு. குழாய் உருண்டையாகத் தெரிவது குறுக்குவாக்கு. கொம்புக்கு வேண்டியது இரண்டாவது.

கோடு சரியான வட்டவில்லாக இருந்தால் குறுக்குவாக்குக்கு ஒரு எளிய வழி உண்டு. வட்டத்தின் மையத்திலேயே ரேடியல் (மையத்திலிருந்து வட்டமாகப் பரவும்) கிரேடியன்டின் மையத்தையும் வைத்துவிட வேண்டும். ஆரம் 100, கோட்டின் தடிமன் 20 என்றால் கோடு 90இலிருந்து 110 வரை பரவியிருக்கும். கிரேடியன்டின் ஆரத்தை 110 ஆக்கி, எல்லா நிறங்களையும் 82 சதவீதத்துக்கும் 100க்கும் இடையில் அடுக்கினால் குழாய் தயார். எந்த பிரவுசரிலும் சரியாகத் தெரியும், கோப்பும் சின்னது. வட்டவில்லில் நீளவாக்கு வேண்டுமென்றால் மெஷ் என்ற இன்னொரு கருவியில் கூம்பு வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் கொம்பு வட்டவில் இல்லை, தடிமனும் ஒரே சீராக இல்லை. வளையல், டயர் வரைகிறவர்களுக்கு இந்த வழி போதும்.

ஜூன் 5, வியாழன்

மெஷ். 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இன்க்ஸ்கேப்பில் இருக்கிறது. உருவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நிறம் கொடுக்கிறோம், இடைப்பட்ட இடத்தை மென்பொருள் நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு விளிம்பு, நான்கும் வளைகோடு. முகம் வரைய, மாம்பழம் வரைய இதைவிட நல்லது இல்லை.

நீண்டு வளைந்த குழாய்க்கு இது வேண்டாத வேலை என்பது என் கருத்து. ஒரு கட்டத்தின் விளிம்பை வளைக்கும் கைப்பிடியை இழுத்தால் பக்கத்துக் கட்டம் நெளிகிறது. எஸ்விஜியின் அடுத்த பதிப்பான எஸ்விஜி 2இன் வரைவில் இருந்த மெஷ்ஷைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள், அதனால் பிரவுசர்கள் இதைத் தாமாக வரைவதில்லை. கூடவே ஒரு ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அழைப்பிதழ் வாட்ஸாப்பில் சாதாரண பிஎன்ஜி படமாகத்தானே போகப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

கொம்பு ஊதுகிறவர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தூக்கிய பகுதியில் பளபளப்பு வளைவின் வெளி விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அப்படியே பின்தொடர்ந்து வந்தால், வளைவு திரும்புகிற இடத்தில் குழாயின் நடுவைக் குறுக்கே கடந்து, கீழ்ப்பகுதியில் உள் விளிம்புக்கு வந்துவிடுகிறது. யோசித்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். வெயில் மேலிருந்து அடிக்கிறது. கொம்பின் கீழ்ப்பாதியில் வானத்தைப் பார்த்திருப்பது உள்பக்கம்தான்.

இல்லஸ்ட்ரேட்டரின் குறுக்குவாக்கு கிரேடியன்ட் இதைச் செய்யாது. அது வெளிச்சத்தைக் கோட்டோடு ஒட்டிவிடுகிறது. வெளி விளிம்பில் தொடங்கினால் கடைசிவரை வெளி விளிம்புதான், கீழே வரும்போது வெயில் தரையிலிருந்து அடிக்கிற மாதிரி ஆகிவிடும். வெக்டரில் வரைந்த பாம்பும் குழாயும் பல படங்களில் பிளாஸ்டிக்காகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 9, திங்கள்

எனவே பழைய முறை, இரண்டு உருவங்களுக்கு இடையில் படிப்படியாக மாற்றுவது. இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு பிளெண்ட் என்று பெயர், 1988 பதிப்பிலேயே வந்தது. இன்க்ஸ்கேப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் இன்டர்போலேட் என்று இருக்கிறது.

கொம்பின் உருவத்தை நகலெடுத்து, நகலின் நோடுகளை (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளை) ஒவ்வொன்றாக இழுத்து மெல்லிய கீற்றாக்கினேன். மேலே வெளி விளிம்போரம், திருப்பத்தில் நடு, கீழே உள் விளிம்போரம். அடியில் இருக்கும் முழு உருவம் கரும்பழுப்பு, மேலே இருக்கும் கீற்று வெளிர்மஞ்சள். நகல் என்பதால் இரண்டிலும் நோடுகளின் எண்ணிக்கை ஒன்றே, முதல் நோடு முதல் நோடோடு சரியாகச் சேர்ந்துகொள்ளும். தனித்தனியாக வரைந்தால் இடையில் வரும் உருவங்கள் முறுக்கிக்கொள்ளும். அப்போது ஒன்றின் திசையை ரிவர்ஸ் கொடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். ஸ்டைலையும் சேர்த்து மாற்றும்படி டிக் செய்ய மறக்கக் கூடாது, இல்லையென்றால் வடிவம் மட்டும் மாறும், நிறம் மாறாது.

உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் நடுவில் மயிரிழை இடைவெளிகள் தெரிவதில்லை. பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முறைகளில் அது பெரிய தலைவலி.

ஜூன் 12, வியாழன்

எத்தனை படிகள் வைப்பது? அழைப்பிதழுக்கு 30 போதும். பிளெக்ஸில் கொம்பின் வாய்ப்பக்கம் விளிம்பிலிருந்து கீற்று வரை ஏறத்தாழ 15 செ.மீ. வருகிறது. 60 படி என்றால் ஒவ்வொன்றும் 2.5 மி.மீ., பக்கத்தில் நின்று பார்த்தால் வரி தெரியலாம். 150 வைத்தால் 1 மி.மீ. அதற்கு மேல் ஏற்றிப் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களின் கலவை. இரு நிறங்களுக்கும் இடையில் அதிகம் மாறுவது நீலம், அதுவே 20இலிருந்து 180 வரைதான், மொத்தம் 160 படி.

நிழல் பக்கத்து விளிம்பில் எதிரொளிக்காக ஓர் ஆரஞ்சு இழை மட்டும் தனியாக, பிளர் (மங்கலாக்கல்) இல்லாமல். மெருகேற்றிய பித்தளையில் அது கூர்மையாகத்தான் தெரியும். தவிர, பிடிஎஃப் ஆக்கும்போது பிளர் எல்லாம் பிக்சலாகிவிடும், பத்தடியில் அது பல்லிளிக்கும்.

ஜூன் 14, சனி

இரண்டு கோப்புகளும் அச்சகத்துக்குப் போய்விட்டன. பிளெக்ஸ் கோப்பைத் திறக்க அங்கே இருக்கும் கணினி கொஞ்சம் திணறியதாம், ஆனாலும் திறந்துவிட்டது. அடுத்து தவில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். உடல் பீப்பாய் மாதிரிதான், ஒரு சாதாரண லீனியர் (நேர்க்கோட்டில் மாறும்) கிரேடியன்ட் போதும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வார்கள்தான் நேரம் எடுக்கும்.