இம்ப் காரும் ஹாக்மனே அழைப்பும்

பழைய கார் வாங்க ஆசை வந்தால் முதலில் காரைத் தேடாதீர்கள், அந்தக் காரை வைத்திருப்பவர்களின் சங்கத்தைத் தேடுங்கள். கிளாஸ்கோவில் இருக்கும் எனக்கு ஹில்மன் இம்ப் என்ற பழைய சின்னக் கார் மேல் கண் விழுந்தபோது அலுவலக நண்பர் ஒருவர் சொன்ன யோசனை இது. கார் இல்லாதவனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தயங்கித்தான் கேட்டேன். தாராளமாக வரலாம் என்றார்கள். படிவத்தில் கார் விவரம் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டு, சந்தாவைக் கட்டினேன். சேர்க்கை அவ்வளவுதான்.

இம்ப் ஏன் என்றால், அது இந்த ஊர்க் கார். கிளாஸ்கோவுக்கு மேற்கே லின்வுட்டில் ரூட்ஸ் என்ற கார் நிறுவனம் கட்டிய ஆலையை 1963 மே மாதம் இளவரசர் பிலிப் திறந்துவைத்தார். 1976 வரை இம்ப் அங்கேதான் தயாரானது. 875 சிசி அலுமினிய எஞ்சின் பின்பக்கம் இருக்கும், டிக்கி முன்பக்கம். பின் கண்ணாடியைத் தூக்கி அந்த வழியாகவும் பை, மூட்டைகளை உள்ளே போடலாம். ஆலையை 1981-இல் இழுத்து மூடிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் வயதானவர்களிடம் இம்ப் என்று சொன்னாலே வீட்டில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்த கதை வரும்.

எங்கள் கூட்டத்திலும் அப்படி ஒரு பெரியவர் உண்டு. எஞ்சினுக்கான வார்ப்புகளை லின்வுட்டில் வார்த்து, இங்கிலாந்தில் கவெண்ட்ரி பக்கம் இருக்கும் ரைட்டன் ஆலைக்கு அனுப்புவார்களாம். அங்கே கடைந்து எஞ்சினாகப் பூட்டி, மறுபடி லின்வுட்டுக்கே கொண்டுவந்து காரில் ஏற்றுவார்களாம். "போக வர 600 மைல். நான்கூட அந்த வயதில் அவ்வளவு ஊர் பார்த்ததில்லை" என்றார்.

கார் பார்க்க என்னோடு அவரே வந்தார். பளபளவென்று இருந்த பெயின்ட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துணி சுற்றிய ஒரு காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து, கதவுக்குக் கீழே ஓரமாக வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எஞ்சின் மூடியைத் திறந்து ரேடியேட்டரில் டார்ச் அடித்தார். இம்ப்பில் ரேடியேட்டரும் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சாலை அழுக்கெல்லாம் அதில் போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், பிறகு பர்ஸுக்குத்தான் கேடு. முதலில் பார்த்த காரில் காந்தம் நழுவிக்கொண்டே இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பிறகு வாங்கியது பெயின்ட் மங்கிய கார், ஆனால் அடித்தகரம் கெட்டி.

காகித வேலைகளில் சங்கம் கைகொடுத்தது காப்பீட்டில். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால் அரை நூற்றாண்டுக் காருக்கு என்ன மதிப்புப் போடுவார்களோ தெரியாது. அதனால் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் பாலிசி எடுக்க வேண்டும். சங்கத்தில் இதற்கென்று இருப்பவர் படங்களைப் பார்த்து மதிப்புக் கடிதம் தந்தார். காப்பீட்டுக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். 40 வயது தாண்டிய கார்களுக்குச் சாலை வரி கிடையாது, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் 2018 முதல் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தர எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் பூஜ்யம் பவுண்டு வரியையும் முறைப்படி பதிந்தாக வேண்டும், பழைய உரிமையாளர் பதிந்தது நமக்குச் செல்லாது. லாக் புக் எனும் வண்டிப் பதிவுச் சான்றிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டின் எண்ணை வைத்து அன்றே செய்துவிடலாம். சோதனை கட்டாயமில்லாவிட்டாலும் நான் காட்டிவிடுகிறேன். பிரேக் விஷயத்தில் சலுகை எதற்கு?

மாதக் கூட்டத்தில் கார் பேச்சு கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் ஊர்ப் பேச்சு. நவம்பர் வந்தால் அது ஹாக்மனே பக்கம் திரும்பிவிடும். டிசம்பர் 31-ஐத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே கிறிஸ்துமஸை விட அதற்குத்தான் மவுசு. 1640-இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒழித்தது. அந்த நாள் மறுபடி பொது விடுமுறையானது 1958-இல்தான். பெரியவரின் அப்பா கிறிஸ்துமஸ் அன்றும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவாராம். ஜனவரி 2 இன்றைக்கும் ஸ்காட்லாந்தில் விடுமுறை.

31-ஆம் தேதி இரவுக்குள் வீட்டைப் பெருக்கித் துடைத்து, அடுப்புச் சாம்பலை அள்ளி, கடனையும் தீர்த்துவிட வேண்டும். எங்கள் பொருளாளர் சந்தா பாக்கியைக் கறப்பதற்கு இதைத்தான் சாக்காக வைத்திருக்கிறார். பன்னிரண்டு மணி அடித்த பிறகு வாசல்படியை முதலில் மிதிக்கும் ஆள் கறுத்த தலைமுடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வருடம் விருத்தி. பொன்னிற முடிக்காரர் வந்தால் ஆகாது. முன்காலத்தில் வைகிங் கொள்ளைக்காரர்கள் வந்த பயம் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மையோ, பொழுதுபோகாமல் சொன்னதோ. பெரியவர் வீட்டுக்கு வழக்கமாகப் போகிற உறுப்பினருக்குத் தலை நரைத்துவிட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தி என் தலையைப் பார்த்தார்கள். "தம்பி, இந்த வருஷம் நீதான்" என்கிற தோரணையில் பெரியவர் தோளில் தட்டினார்.

முதலில் படி மிதிப்பவர் கையில் நிலக்கரி, உப்பு, ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட், விஸ்கி இருக்க வேண்டும். நிலக்கரிக்கு நான் எங்கே போவேன்? பெரியவரே முந்தின வாரம் ஒரு கட்டியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். அவர் வீட்டில் கேஸ் ஹீட்டர்தான். கணப்பு அடுப்பை அடைத்துப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் கரி வந்தாக வேண்டும்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பே வெளியே போய் நின்றேன். காது மடல் விறைத்துப்போகிற குளிர். உள்ளே டிவியில் மணி அடித்ததும் கதவைத் தட்டினேன். பெரியவரின் மனைவி கரியை இரண்டு கையாலும் வாங்கி, அடைத்த அடுப்பின் மேல்தட்டில் வைத்தார். வீட்டுப் புகைக்கூண்டு நெடுநாள் புகையட்டும் என்று வாழ்த்திக் கிளாஸைத் தூக்கினார்கள். பிறகு புத்தாண்டுக்கு எல்லோரும் சேர்ந்து பாடும் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டு. கைகளைக் குறுக்கே கோப்பது கடைசிச் சரணத்தில்தான். டிவியில் முதல் வரியிலேயே கோத்துக்கொள்கிறார்களே என்று பெரியவருக்கு ஒரே எரிச்சல்.

இம்ப்பில் போகவில்லை. சாலையில் பனிக்காக உப்புத் தூவும் மாதங்களில் அதை வெளியே எடுத்தால் துரு நிச்சயம். போதாததற்கு, குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 2014 டிசம்பர் முதல் இங்கே இங்கிலாந்தை விடக் குறைவு. ஒரு கிளாஸோடு சாவியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த டிசம்பருக்கு இன்னும் இரண்டு உறுப்பினர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் மூன்று வீட்டுக்கு எப்படி முதலில் வருவது என்று கேட்டேன். நான் வரும்வரை யாருக்கும் கதவைத் திறக்க மாட்டார்களாம்.