சென்னையில் வேலைக்குப் போய்வர: எங்கே இறங்கி எங்கே ஏறுவது

சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மெட்ரோவா, பஸ்ஸா, ஆட்டோவா? அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. எங்கே மாறப் போகிறீர்கள்? ஓடும் ரயிலில் கழியும் நேரம் இன்றைக்கும் நாளைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். படியேறி இறங்குவது, சாலையைக் கடப்பது, அடுத்த வண்டிக்கு நிற்பது, ஆட்டோக்காரர் வருவாரா மாட்டாரா என்று போனைப் பார்ப்பது என்று அரை மணி நேரம் போவது மாறும் இடத்தில்தான். அதனால் இடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, வண்டியை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

நல்ல இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சென்ட்ரலில் மெட்ரோவின் இரண்டு தடங்களும் சந்திக்கின்றன. அங்கிருந்து சுரங்கப்பாதை வழியே பார்க் நிலையத்தின் மின்சார ரயிலுக்கும், பார்க் டவுன் நிலையத்தின் பறக்கும் ரயிலுக்கும் (பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடும் தடம்) போகலாம். எழும்பூர், கிண்டி, பரங்கிமலை மூன்றிலும் மெட்ரோவும் மின்சார ரயிலும் பக்கத்தில் பக்கத்தில். விமான நிலைய மெட்ரோவுக்கு எதிரே, ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைத் தாண்டினால் திரிசூலம் மின்சார ரயில் நிலையம். மெட்ரோவிலேயே நீலத் தடத்திலிருந்து பச்சைத் தடத்துக்கு மாற ஆலந்தூர். அங்கே இரண்டு தடங்களும் வெவ்வேறு தளங்களில் இருப்பதால், இறங்கியதும் கூட்டத்தின் பின்னால் போகாமல் பலகையைப் பாருங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே போகிறவர்கள்.

மின்சார ரயிலில் தொடங்குகிறேன். கொடுக்கும் காசுக்கு இதைவிட வேகமான வாகனம் இந்த ஊரில் கிடையாது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார வண்டி ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுக்காமல் இருப்பது வீண் செலவு. இரண்டாம் வகுப்பு மாத சீசனின் விலை சுமார் 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். மாதத்தில் எட்டு நாள் போய் வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும், மீதி நாட்கள் லாபம். மூன்று மாத சீசன் என்றால் மாத விலையைப் போல 2.7 மடங்கு.

போனில் ரயில் டிக்கெட் எடுக்க முன்பு யுடிஎஸ் செயலி இருந்தது, அந்த வேலையை இப்போது ரயில்வேயின் ரயில்ஒன் செயலி செய்கிறது. 2025 ஜூலையில் வந்தது. காகிதமில்லாத டிக்கெட்டில் பலரும் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். ஒன்று, நடைமேடைக்கு வந்த பிறகு எடுக்கப் பார்ப்பது. போனின் இருப்பிடத்தை வைத்து, தண்டவாளத்துக்கு அருகில் இருந்தால் செயலி மறுத்துவிடும். வண்டி வரும் நேரத்தில் வெளியே ஓட வேண்டியதுதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள், ஆனால் புறநகர் டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும். மறந்து நிலையத்துக்குள் வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம். இரண்டாவது, முதல் வகுப்புப் பெட்டி. அவசரத்தில் காலியாக இருக்கிறதே என்று ஏறிவிடுவார்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு அதில் பிடிபட்டால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடும் ஏசி வண்டிக்கும் தனி டிக்கெட் வேண்டும். தொடக்கக் கட்டணம் 35, கடைசி வரை 105 என்று அறிமுகமானது. சாதாரண சீசன் அதில் செல்லாது. ஒரு நாளைக்குச் சில முறைதான் வரும், எனவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் போகும் நேரத்தில் வந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தண்டவாளப் பராமரிப்பை ரயில்வே பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டம் குறைந்த பகல் வேளையிலும்தான் வைத்துக்கொள்ளும். அறிவிப்பு ஓரிரு நாள் முன்னால் வரும். பார்க்காமல் போனால் நடைமேடையில் ஒரு மணி நேரம் நிற்க நேரும்.

மெட்ரோவில் கட்டணம் 10 முதல் 50 ரூபாய். க்யூஆர் டிக்கெட்டுக்கும், முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் சிங்கார சென்னை பயண அட்டைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. எது வசதி என்றால், தினமும் போகிறவருக்கு அட்டைதான். க்யூஆர் குறியைக் காட்டும்போது திரை மங்கலாக இருந்தால் கதவு திறக்காது, பின்னால் வரிசை நிற்கும், இறங்கும்போது பேட்டரி தீர்ந்திருந்தால் இன்னும் சிக்கல். அட்டையில் ஒரே ஒரு விஷயம் புரியாமல் பலர் கோபப்படுகிறார்கள்: ஆன்லைனில் பணம் போட்டேன், கதவு ஏற்க மறுக்கிறது என்று. பணம் அட்டையை வழங்கிய வங்கியிடம் வந்துவிட்டது, ஆனால் அட்டையின் சில்லுக்குள் இன்னும் ஏறவில்லை. நிலையத்தில் ஒருமுறை அட்டையைக் கொடுத்து இருப்பைப் புதுப்பித்த பிறகுதான் அது செலவழிக்கும் பணம் ஆகும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜனவரி முதல் இதே அட்டையை மாநகரப் பேருந்திலும் கண்டக்டரின் இயந்திரத்தில் காட்டலாம். சில்லறைத் தகராறு ஒழிந்தது.

பேருந்தில் ஏறும் முன் போர்டைப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் தொடக்கம் 5 ரூபாய். அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லாவிட்டாலும் கண்டக்டரிடம் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். டீலக்ஸுக்கும் ஏசிக்கும் இது பொருந்தாது. மாதம் 1000 ரூபாய் பாஸ் எடுத்தால் ஏசி தவிர எல்லா மாநகரப் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஏசியும் சேர்த்து 2000 ரூபாய் பாஸ் 2025இல் வந்தது. கணக்கு எளிது: 1000 ரூபாய் பாஸ், 25 வேலை நாள் என்றால் நாளுக்கு 40 ரூபாய். உங்கள் தினச் செலவு அதற்கு மேல் போனால் பாஸ் எடுங்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் போகிறவருக்கு இது பெரும்பாலும் கட்டுபடியாகாது.

இப்போது ஓஎம்ஆர், அதாவது ஐடி நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை. சென்னையில் இதைவிடக் கடினமான வழி இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலை இருக்கும் இடத்தில் ரயில் இல்லை. பறக்கும் ரயில் திருவான்மியூர், தரமணி, பெருங்குடி என்று சாலையின் வடமுனையை மட்டும் தொட்டுவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. மெட்ரோவின் மாதவரம்–சிப்காட் தடத்துக்காகச் சாலை நடுவே தூண் வேலை நடக்கும் இடங்களில் பஸ் நகர்வது சிரமம்.

ஆபீஸ் டைடல் பார்க் ஐடி வளாகத்திலோ தரமணியிலோ இருந்தால், வடசென்னை, பெரம்பூர், ஆவடிப் பக்கத்தவர்களுக்குப் பறக்கும் ரயில்தான் சரி. மின்சார ரயிலில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சுரங்கப்பாதையில் கடந்து பார்க் டவுனில் ஏறினால் திருவான்மியூர் வரை சாலைச் சிக்னல் தொல்லையே இல்லை. நிலையத்துக்கு எதிரேதான் டைடல். துரைப்பாக்கத்துக்கும் அதற்குத் தெற்கேயும் போக வேண்டியவர்கள் கிண்டியில் இறங்கி 570 பிடிக்கலாம். கோயம்பேட்டிலிருந்து வடபழனி, கிண்டி, வேளச்சேரி வழியாக ஓஎம்ஆரில் இறங்கும் பேருந்து அது. பாரிமுனைப் பக்கத்திலிருந்து என்றால் கேளம்பாக்கம் வரை 102 போகிறது.

தாம்பரத்துக்காரர்கள் செய்யும் தவறு, சோழிங்கநல்லூர் போகக் கிண்டி வரை ரயிலில் வடக்கே போய்விட்டு மறுபடி தெற்கே இறங்குவது. ரயில் வேகம்தான், ஆனால் கிண்டிக்குப் பிறகு வேளச்சேரி நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். தாம்பரம் கிழக்கில் இறங்கி கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகப் போகும் பேருந்தைப் பிடியுங்கள். அந்த வழியில் ஷேர் ஆட்டோவும் ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு முன் மேடவாக்கம் சந்திப்பைத் தாண்டிவிட்டால் நிம்மதி. ஒன்பது மணிக்கு அங்கே சிக்கினால் எந்த வாகனமும் ஒன்றுதான்.

ஷேர் ஆட்டோவுக்கு அட்டவணை இல்லை, நிறைந்தால்தான் கிளம்பும். காலையில் தாம்பரம் பக்கமிருந்து உடனே நிறையும். எதிர்த்திசையில் காத்திருக்க வேண்டும். ஏறும் முன் இறங்கும் இடத்தைச் சொல்லிக் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டு கையில் இருக்கட்டும்.

ஆப் ஆட்டோவும் டாக்ஸியும் தினமும் முழு வழிக்கும் கட்டுபடியாகாது. கடைசி மூன்று கிலோமீட்டருக்குத்தான் அவை. அந்த மூன்று கிலோமீட்டரில் டிரைவர் ஏன் ரத்து செய்கிறார் என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். உங்களை ஏற்ற வரும் தூரத்துக்கு அவருக்குப் பெரும்பாலும் காசு இல்லை. இரண்டு கிலோமீட்டர் நெரிசலில் வந்து மூன்று கிலோமீட்டர் சவாரி என்றால் யாருக்கும் கட்டாது. எனவே அவர் வரும் தூரத்தைக் குறையுங்கள். ஓஎம்ஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் நடுத்தடுப்பு நீளமாகப் போகிறது. நீங்கள் எதிர்ப்பக்கம் நின்றால் அவர் அடுத்த யு-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். போக வேண்டிய திசையில் ஓடும் பக்கத்துக்கு நீங்களே கடந்து போய், அதன் பிறகு புக் செய்யுங்கள். மெட்ரோ வாசலில் நின்று புக் செய்வதைவிட, நூறு இருநூறு மீட்டர் நடந்து ஒரு கடை அல்லது பஸ் நிறுத்தத்தில் நிற்பது மேல். வரைபடத்தில் குறியைக் கையால் நகர்த்தி வையுங்கள், ஜிபிஎஸ் பாலத்தின் கீழ் தவறாகக் காட்டும்.

நம்ம யாத்ரி போன்ற செயலிகளில் டிரைவர் கமிஷன் தருவதில்லை, சந்தா மட்டும் கட்டுகிறார். ஊபர் ஆட்டோவும் 2025 பிப்ரவரியில் அந்த முறைக்கு மாறியது. இதன் விளைவு பயணிக்குத் தெரிய வேண்டும்: பணம் நேரடியாக டிரைவருக்கு, ரொக்கமாகவோ யுபிஐயாகவோ. கட்டணத்தில் சச்சரவு வந்தால் செயலி பணத்தைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஓடிபி சொல்லும் முன்பே தொகையை உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பின் கிலோமீட்டருக்கு 12. அந்தத் தொகைக்கு இன்று டிரைவர்கள் வருவதில்லை, எரிபொருள் விலை எங்கேயோ போய்விட்டது. கட்டணத்தைத் திருத்தாமல் இத்தனை ஆண்டு விட்டது டிரைவர், பயணி இருவருக்கும் செய்த அநீதி என்றே நினைக்கிறேன்.

ஒரே ஆபீஸ் நான்கு பேர் ஒரு காரில் போவது ஓஎம்ஆருக்கு நல்ல வழி. பெட்ரோல் செலவைப் பங்கு போடுவதோடு நிறுத்துங்கள். வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்த வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் பர்மிட் கேள்வி வரும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டக்கூடும். கிளம்பும் நேரம் தாண்டி ஐந்து நிமிடம்தான் காத்திருப்பு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இப்படிச் சேர்ந்து போகும் கூட்டு பெரும்பாலும் உடைவது காசால் அல்ல, தாமதத்தால்.

2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம், ஆட்டோவும் கூப்பிடலாம். எப்போதாவது வெளியே போகிறவருக்கு அது ஒன்றே போதும். சீசனும் பாஸும் வைத்திருப்பவர்கள், பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஷிப்டுக்குக் கணக்கு வேறு. மெட்ரோ பதினொரு மணியோடு முடிகிறது. மாறும் நிலையத்தில் கடைசி வண்டி எப்போது என்பதைப் பாருங்கள், ஏறும் நிலையத்தில் அல்ல. ஆலந்தூரில் அடுத்த தடத்தின் கடைசி ரயிலைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. பதினொன்றுக்கு மேல் மீட்டர் ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு என்பது விதியிலேயே இருக்கிறது. பெண்களை இரவில் பணிக்கு வைக்கும் நிறுவனம் போக்குவரத்து வசதி செய்துதர வேண்டும் என்பது 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதிக்கும் அரசாணையின் நிபந்தனை. வேலையில் சேரும்போதே எந்த இடம் வரை, எத்தனை மணிக்கு வண்டி என்று எச்ஆரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.