ஜூலை 26-க்கு அப்புறமும் ஓடிய லாரிகள்

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் ஜோஜிலா கணவாயைத் தாண்டிவிட்டால், திராஸுக்கும் கார்கிலுக்கும் அந்தப் பக்கமிருந்து வேறு லாரிப் பாதை கிடையாது. 1999 கார்கில் போரில் எதிரி, அதாவது பாகிஸ்தான் படை, ஏறி உட்கார்ந்திருந்ததும் சரியாக அந்தச் சாலைக்கு மேலேதான். டோலோலிங் மலையிலிருந்து பார்த்தால் கீழே போகிற வண்டியை எண்ணலாம். எண்ணினார்கள், குண்டும் போட்டார்கள்.

நான் ஏஎஸ்சி, அதாவது ஆர்மி சர்வீஸ் கோர். அதில் டிரைவர். அரிசி, ஆட்டா, பருப்பு, டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் பொறுப்பு. வெடிமருந்துக்குக் கணக்கு வைப்பது ஆர்ட்னன்ஸ்காரர்கள். ஆனால் அதைச் சுமப்பதும் பல நேரம் எங்கள் வண்டிதான். மே 9-ஆம் தேதி கார்கிலில் இருந்த வெடிமருந்துக் கிடங்கே பாகிஸ்தான் பீரங்கியின் ஷெல் அடியில் எரிந்து போனது. அப்புறம் என்ன, எல்லாவற்றையும் மறுபடி கீழேயிருந்து ஏற்ற வேண்டும்.

பகலில் ஓட்ட முடியாத இடங்களை இரவில் கடந்தோம், ஹெட்லைட் இல்லாமல். ராணுவ லாரியின் பின்பக்கம் அடியில் பார்த்திருப்பீர்கள், பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும். அதன்மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு. முன்வண்டியின் அந்த வெள்ளைப் பொட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். பொட்டு பெரிதானால் பிரேக், சின்னதானால் ஆக்ஸிலரேட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அதைத் தவிர வேறெதையும் யோசிக்க நேரம் இருக்காது. பயந்தாயா என்று கேட்கிறார்கள். பயத்தைவிடத் தூக்கம்தான் பெரிய எதிரி.

ஒரு கணக்கு சொல்கிறேன். போஃபர்ஸ் பீரங்கியின் 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய 43 கிலோ. மூன்று டன் ஏற்றும் சக்திமான் லாரியில் 70 குண்டு வைத்தால் முடிந்தது. பேட்டரி என்கிற ஒரு பீரங்கிப் பிரிவில் 6 பீரங்கி. ஒவ்வொன்றும் 15 நொடிக்குள் மூன்று குண்டு தள்ளும். அப்படி நாலு முறை அடித்தால், நான் விடிய விடிய ஓட்டிக் கொண்டுவந்த லோடு காலி. கன்னர் பையன்கள் சிரித்துக்கொண்டே "அண்ணே, அடுத்தது எப்போ?" என்பார்கள். திட்டவும் மனசு வராது.

சாலை முடிகிற இடத்தில் லாரியின் வேலை முடியும். அதற்கு மேல் கோவேறு கழுதைகளும், திராஸ் பக்கத்து ஊர்க்காரர்களின் குதிரைகளும், போர்ட்டர்களும். கழுதையும் ஏற முடியாத இடத்தில் சிப்பாயின் முதுகு. அங்கேதான் எங்கள் ரேஷன் தோற்றது. லங்கரில், அதாவது ராணுவச் சமையல்கூடத்தில், இரவெல்லாம் பூரி சுட்டு, சக்கர்பாரா என்கிற இனிப்புப் பொட்டலம் கட்டி வைப்பார்கள். ஏறப்போகிற பையன் பையைத் திறந்து, பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தோட்டா மேகஸினைத் திணிப்பான். இரண்டு நாளைக்கு என்னடா செய்வாய் என்றால், "பசியைத் தாங்கிக்கலாம் சாப்" என்பான். தண்ணீரும் அப்படித்தான், மேலே பனியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பொட்டலங்களைத் திரும்ப லாரியில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை.

படாலிக் பக்கம் மேஜர் சரவணன் மே 29-இல் சண்டையில் உயிர் விட்டார். திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட். உடலை ஜூலையில்தான் இறக்க முடிந்தது. எங்கள் கான்வாயில் இருந்த தமிழ்ப் பையன்கள் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் கேட்டது அவரைப் பற்றித்தான்.

ஜூன் 13-இல் டோலோலிங், ஜூலை 4-இல் டைகர் ஹில் நம் கைக்கு வந்தன. சாலையில் மூச்சு விட முடிந்தது. ஜூலை 26-இல் போர் முடிந்தது என்றார்கள். ஊரில் பட்டாசு வெடித்ததாகக் கடிதம் வந்தது. எங்களுக்கு அன்றுதான் வேலை இரட்டிப்பானது.

காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் அந்த உயரத்துக் காவல் போஸ்ட்கள் பலவற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். அந்த வழக்கத்தால்தான் எதிரி உள்ளே வர முடிந்தது. இனிமேல் இறங்குவதில்லை என்று முடிவானது. செப்டம்பர் 1-இல் லேயில் 14-ஆவது கோர் என்கிற பெரிய படை அமைப்பே புதிதாக எழும்பியது. சரி, தங்குகிறவன் எதைச் சாப்பிடுவான், எதைக் கொளுத்திக் குளிர் காய்வான்? அப்போதெல்லாம் ஜோஜிலாவைப் பனி மூடினால் மாதக்கணக்கில் லாரி வராது. அதற்குள் முழுக் குளிர்காலத்துக்கும் இருப்பு வைக்க வேண்டும், வின்டர் ஸ்டாக்கிங் என்போம். எப்போதும் மே மாதமே தொடங்குகிற வேலை. அந்த வருஷம் மே, ஜூன் எல்லாம் குண்டு சுமப்பதில் போய்விட்டது, இருக்க வேண்டிய ஆட்களும் அதிகம்.

அப்புறம் மண்ணெண்ணெய்தான் ராஜா. சமையலுக்கு அதுதான், பனியை உருக்கித் தண்ணீராக்க அதுதான், குளிர் காயும் புகாரி அடுப்புக்கும் அதுதான். 20 லிட்டர் ஜெர்ரிகேன்களை அடுக்கி அடுக்கி, சோறு தின்னும் கையிலும் அந்த வாடை. ரொட்டியில்கூட அடிக்கும். மூடி சரியாக இறுகாத ஒரு கேன் ஆட்டா மூட்டைமேல் கசிந்தால் அந்த மூட்டை போச்சு. அதற்காக ஸ்டோர் ஹவில்தார் போட்ட சத்தம் ஷெல் சத்தத்தைவிட மோசம்.

பதக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆபரேஷன் விஜய் மெடல் எங்களுக்கும் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது.

சண்டை முடிந்த மறுவாரமே நான் வந்துவிடுவேன் என்று வேலூர் பக்கத்து எங்கள் கிராமத்தில் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கணவாய் மூடிய பிறகுதான் எனக்கு லீவு. லேயிலிருந்து ராணுவ விமானத்தில் சண்டிகர், அங்கிருந்து ரயில். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "சண்டைதான் ஆடியிலேயே முடிஞ்சுதாமே, இத்தனை நாள் அங்க என்னடா பண்ணின?"