முள் முறியாமல் வெளிவந்த புரொடக்டிட்

மேற்கு டெக்சாஸின் கிளாஸ் மலைத்தொடரைச் சேர்ந்த பெர்மியன் காலச் சுண்ணாம்புக்கல் ஒன்றை அமிலத்தில் கரைத்ததில், முட்கள் ஏறக்குறைய முழுமையாக நிற்கும் புரொடக்டிட் என்ற புதைபடிவ ஓடு ஒன்று வெளிவந்திருக்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் அநேகமாக முழுவதும் மறைந்துபோன இந்த பிராக்கியோபாட் (இரு ஓடுகள் கொண்ட கடலுயிரி) குலத்தின் சிறப்பே, கடலடிச் சேற்றில் ஓடு அமிழ்ந்துவிடாமல் தாங்கிய அந்த முட்கள்தான். தலைமுடியைவிடச் சற்றே தடித்த முள்ளின் முனையில், உள்ளே ஓடும் குழல்கூட உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரிகிறது.

முள்ளை முறிப்பவை கரியமில வாயுக் குமிழிகள். ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நன்றாக நீர்க்கச்செய்து, நுரை அடங்க அடங்கச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். கல் பின்வாங்கி முட்கள் பிடிப்பின்றி நிற்கத் தொடங்கியதும், பிளாஸ்டிக் வலையோடு தூக்கி, அலசி, உலர்த்தி, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பசையை மிக மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு முள்ளின் அடியிலும் தொட்டுவைத்தேன். பசை கல்லின்மேல் பரவினால் அந்த இடம் அதன்பின் கரையாது என்பதால், இந்த ஒரு வேலைக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது. அலசும்போது குழாய்நீரை நேரே விடக்கூடாது. தேங்கிய நீரில் அமிழ்த்தி, நீரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த மலைகள் பெரும்பாலும் தனியார் பண்ணை நிலங்கள் என்பதால், பழைய சேகரிப்புகளிலிருந்து விற்பனைக்கு வரும் கற்களையே நம்ப வேண்டியிருக்கிறது. ஓடு சிலிக்காவாக மாறியிருந்தால்தான் அமிலத்தில் கரையாமல் மிஞ்சும்; அப்படி மாறாத கல்லையும் அதே விலைக்கு ஒரு விற்பனையாளர் தள்ளிவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓட்டின் உடைந்த விளிம்பில் ஒரு சொட்டு அமிலம் விட்டு, அது பொங்கவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர்கள் கூப்பரும் கிராண்டும் இதே மலைகளின் கல்லை டன் கணக்கில் கரைத்து எடுத்தவற்றை 1972 முதல் 1977 வரை பல பகுதிகளாக வெளியிட்டார்கள். அந்தப் படத்தகடுகள் அருகில் இல்லாமல் நான் எந்த ஓட்டுக்கும் பெயர் எழுதுவதில்லை.

அடுத்த கல்லில், பவளம்போல் கூம்பாக வளர்ந்து மூடியோடு வாழ்ந்த ரிச்தோஃபெனிட் என்ற பிராக்கியோபாட் ஒன்றின் விளிம்பு தெரிகிறது. அதைத் தொடங்கும் ஆவல் இருந்தாலும், புரொடக்டிட்டின் அடிப்பக்கம் இன்னும் கல்லுக்குள்தான் இருக்கிறது. அதை முழுவதும் விடுவிக்காமல், முட்கள் ஊன்றியிருக்கும் அளவுக்குக் கல்லை அப்படியே விட்டுவைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.